மதினி பார்த்த வண்டிகள்

மதினிக்குப் போன் போட்டால் எடுப்பார், பேச மாட்டார். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கும். நாம்தான் முதலில் குரல் கொடுக்க வேண்டும். குரலைக் கேட்ட பிறகும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் "என்ன விஷயம்?" என்பார். என் பெயர் அவர் போனில் கொட்டை எழுத்தில் விழும். அதைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். ஆனாலும் போனை எவனாவது தூக்கிக்கொண்டு போய்ப் பேசினால் என்ன செய்வது என்று கேட்பார். இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் இதே கூத்துதான் என்று அவர் மருமகள் என்னிடம் புலம்புகிறாள். நான் பட்ட பாட்டில் கால்வாசிகூட அவள் இன்னும் படவில்லை.

என் வீட்டுக்காரரின் அக்கா மதினி. நயினார்கோவில் பக்கம் ஒரு சம்சாரி வீட்டில் வாக்கப்பட்டு, வயல், மாடு, மிளகாய்க் களம் என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக நின்று கட்டி மேய்த்தவர். ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறும்போது போர்டைப் படித்துவிட்டு டிரைவரிடம் கேட்பார். டிரைவரிடம் கேட்டுவிட்டுக் கண்டக்டரிடம் கேட்பார். உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பார். இத்தனைக்கும் அந்தக் கண்டக்டர் அவருக்கு ரெண்டு வீடு தள்ளி இருப்பவர். சாமியாடி சொன்ன வாக்கையே நம்பாமல், அடுத்த வெள்ளிக்கிழமை போய் மறுபடி கேட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த மனுஷி.

என்னையும் அப்படித்தான் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் நான் இராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்தேன். ஒரு நாள் மத்தியானம் ஒரு அம்மா வந்து உட்கார்ந்து, அதை எடு, இதை எடு, அந்த மேல் தட்டில் இருப்பதை எடு என்று மலை மாதிரி சேலைகளைப் பிரித்துப் போட வைத்தார். கடைசியில் ஒரு கர்ச்சீப்கூட வாங்காமல் எழுந்து போனார். கல்யாணப் பந்தலில் நாத்தனார் முடிச்சுப் போட வந்து நின்றவர் அதே அம்மா. பிறகு கேட்டதற்கு, முகம் சுளிக்காமல் அத்தனையையும் மடித்து வைத்தேனே, அதைத்தான் பார்க்க வந்தேன் என்றார். அவர் முதுகைத் திருப்பியதும் நான் என்னவெல்லாம் முணுமுணுத்தேன் என்று இன்றுவரை சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது சிக்கல் என்கிற ஊரில். வீட்டுக்காரர் சவுதியில். வீட்டில் நானும் அத்தையும், என் தையல் மிஷினும். அத்தை என்றால் மதினியைப் பெற்றவர். அத்தைக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை, வாரத்தில் இரண்டு நாள் இராமநாதபுரத்துக்கு வந்து டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எங்களுக்கு அந்த வார்த்தையே புதுசு. மிஷினில் போட்டு எடுத்தால் அத்தை பிழிந்து போட்ட துணியாகத்தான் வெளியே வருவார். அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வந்து, கூட்டத்தில் இடம் பிடித்து, மடியில் தலையை வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர வேண்டும். வாடகைக் கார்க்காரரை நம்பினால் முகூர்த்த நாளில் போனை எடுக்க மாட்டார். ஒரு வியாழக்கிழமை அப்படிப் போக முடியாமல் போய், மறுநாள் அத்தைக்குக் கால் வீங்கி, மூச்சு விட முடியாமல் கண் செருகிவிட்டது. இன்னொரு தடவை இப்படித் தவறினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

நடந்ததைக் கேட்டு வீட்டுக்காரர் போனில் அழுதார். பழைய வண்டி ஒன்று, சின்னதாக, வாங்கிவிடு, நீயே ஓட்டிப் பழகு என்றார். ஓட்டிப் பழக நான் தயார். ஆனால், "அக்காவையும் கூட்டிட்டுப் போ, அக்கா பாத்தாத் தப்பா வராது" என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தாரே, அங்கேதான் சனி பிடித்தது.

மதினிக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. முட்டிவலிக்காரர், குனிந்து அடியில் பார்க்க முடியாது. பானெட்டைத் திறந்து காட்டினால் வேறு பக்கம் பார்ப்பார். வைத்திருப்பவனைப் பார்த்தால் போதும், வண்டியைப் பார்த்த மாதிரிதான் என்பது அவர் கணக்கு. அதற்கு அவரிடம் இரண்டு ஆயுதம் இருந்தது.

ஒன்று, தண்ணீர். எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளே நுழைந்ததும் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் கேட்பார். சுகர் வந்துவிட்டதோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பிறகுதான் சொன்னார். நம் பக்கம் பாதி ஊரில் நிலத்தடித் தண்ணீர் கரிக்கும். அந்தத் தண்ணீரை ஊற்றி வண்டியைக் கழுவினால் உப்பு இரும்பைத் தின்றுவிடும். அதனால் வீட்டுத் தண்ணீர் கரித்தால் வண்டியே வேண்டாம். பரமக்குடி ரோட்டில் ஒரு வீட்டில் ஒரே ஒரு மடக்குக் குடித்தார். செம்பை வைத்தார். போயிட்டு வாரோம் என்று கிளம்பிவிட்டார். வண்டியின் மேல் போட்டிருந்த துணியை அந்த ஆள் இன்னும் எடுக்கவே இல்லை.

இன்னொன்று, ஒரு கேள்வி. எல்லாம் பேசி முடித்து, வாசலில் செருப்பை மாட்டும்போது, விற்பவரின் முகத்தைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்பார்.

"இந்த வண்டில யாரும் செத்துருக்காகளா?"

எனக்கு மானம் போகும். சில பேர் சிரிப்பார்கள், சில பேர் கோபப்படுவார்கள். சாமி படம் ஒட்டின வண்டிங்க என்று ஒருவர் நெஞ்சில் கை வைத்தார். பதில் மதினிக்கு முக்கியமில்லை. கேட்டதும் கண் எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்பாராம். ஒருவேளை ஆமாம் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சாவு ஏறின வண்டியில் நோயாளியை ஏற்றுவியா நீ என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

இராமநாதபுரத்தில் ஒரு புரோக்கர் இருந்தார். அவர் காட்டுகிற எல்லா வண்டியும் டாக்டர் வண்டி. எல்லா டாக்டரும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓட்டியவர்கள். இந்த மாவட்டத்தில் இத்தனை டாக்டர் இருந்தால் எங்கம்மா ஏன் டோக்கன் போட்டுக் காத்துக் கிடக்குது என்று மதினி கேட்டார். புரோக்கர் காட்டிய ஒரு நீல வண்டி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மதினி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். அது முழுசாக வெளியே வரும்வரை இழுத்தார். அடிப்பகுதியில் காய்ந்த சேறு, கோடு போட்ட மாதிரி இருந்தது. மோந்து பார்த்தார். வெள்ளத்தில் முங்கின வண்டி, வடக்கேயிருந்து வந்திருக்குது என்றார். புரோக்கர் வண்டிக் கதவைச் சாத்தினார். அன்றைக்கு எனக்கு மதினியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

இன்னொரு இடத்தில் வண்டி பத்தரைமாற்றுத் தங்கம். தண்ணீரும் நல்ல தண்ணீர். ஆனால் அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து முகம் காட்டவில்லை. மதினி பாத்ரூம் போக வேண்டும் என்று உள்ளே போனவர், வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். அது அந்தப் பெண்ணுக்கு அவள் அய்யா சீராகக் கொடுத்த வண்டி. புருஷன் அவளைக் கேட்காமல் விற்கப் பார்க்கிறான். பொம்பளை அழுதுக்கிட்டு அனுப்புற வண்டி நமக்கு ஆகாது என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இதற்கெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டிக்குள் புதுசாக மிதியடி விரித்திருக்கிறான் என்று ஒரு வண்டியை வேண்டாம் என்றார். பழைய மிதியடியை ஏன் மாற்றவில்லை என்று அடுத்த வண்டியை வேண்டாம் என்றார். ஒருத்தர் குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார் என்பதற்காகவே அவர் வண்டி போனது. மதினியை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் வாருங்கள் என்று புரோக்கர் எனக்கு ரகசியமாகப் போன் செய்ய ஆரம்பித்தார்.

அப்போதுதான் தங்கச்சிமடத்தில் ஒரு வண்டி இருப்பதாகத் தெரிந்தது. வேதக்காரக் குடும்பம், சொந்தமாக மீன்பிடிப் படகு வைத்துத் தொழில் செய்கிறவர்கள். மகன் கப்பலில் வேலைக்குப் போய்விட்டதால் ஓட்ட ஆளில்லை. வெள்ளை வண்டி. தென்னை ஓலைக் கொட்டகைக்குள் நிறுத்தி, மேலே பழைய பாய்த்துணி போட்டு மூடியிருந்தார்கள். வீட்டுக்கார அக்கா ஒல்லியாக, உரத்த குரலோடு, கேட்காததையும் சொல்லிக்கொண்டிருந்தார். பின்பக்கம் பம்பரில் கீறல் இருக்கிறது, ஏ.சி. கொஞ்சம் மந்தம், மீன் இதுவரை ஏற்றியதில்லை, மாதா மேல் சத்தியம் என்றார். சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார்.

மதினி வாங்கவில்லை. கேட்டைத் தாண்டியே வரவில்லை. அங்கேயிருந்து பார்த்தால் தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிந்தது. உப்புக்காற்றில் நிற்கிற வண்டியை வாங்குவதற்கு உப்பளத்திலேயே வாங்கலாம் என்று என்னிடம் சொன்னார். அந்த அக்காவுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். அந்த அக்காவின் முகம் மாறிவிட்டது.

"நல்ல தண்ணிலதான் கழுவுறோம்க்கா. குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

பஸ்ஸில் மதினி சிரித்துக்கொண்டே வந்தார். கடலுக்கு நடுவில் இருக்கிற ஊரில் காரைக் கழுவ நல்ல தண்ணீராம், மீன் ஏற்றாத வண்டியாம் என்று பாம்பன் பாலம் முடிகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்கா சொம்பை நீட்டிய கையை உடனே இழுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் டயாலிசிஸ் முடிந்து வரும்போது பஸ்ஸில் அத்தை மயங்கி, என் மடியிலிருந்து சரிந்து நடைபாதையில் விழுந்துவிட்டார். பஸ்ஸை நிறுத்தி, யார் யாரோ தண்ணீர் தெளித்து, அந்த வெட்கத்தில் அத்தை கண்ணைத் திறக்காமலே கிடந்தார். சேலை நனைந்திருந்தது. வீட்டுக்கு வந்து மதினிக்குப் போன் போட்டேன். அவர் வழக்கம்போல் எடுத்து, பேசாமல் இருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. அத்தை பெற்ற பிள்ளை நீங்களா நானா, உங்களைப் பெற்ற தாய் பஸ்ஸில் விழுந்து கிடக்கிறார், நீங்கள் மிதியடியைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று கத்திவிட்டேன். வெகுநேரம் மூச்சுச் சத்தம்தான் வந்தது.

"பஸ்ஸு நின்னா அடுத்த பஸ்ஸு வரும்த்தா. நீ ஓட்டுற வண்டி பொட்டக்காட்டுல நின்னுபோனா, எங்கம்மாவ வச்சுக்கிட்டு நீ என்ன செய்வ?"

நான் போனை வைத்துவிட்டேன். ஆனால் அவர் சந்தேகம் அதற்குள் எனக்கும் தொற்றிக்கொண்டது. இவர் உண்மையிலேயே அம்மாவுக்காகத்தான் பார்க்கிறாரா? தம்பி காசில் வாங்குகிற வண்டி என் பெயரில் இருக்கப் போகிறதே என்று வயிற்றெரிச்சலா? பொம்பளை ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வருவது பிடிக்கவில்லையா? தைத்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் இதே நினைப்புத்தான். ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

கடைசியில் மதினியே ஒரு வண்டி கொண்டு வந்தார். நயினார்கோவில் பக்கம், அவருக்குத் தம்பி முறை ஆகிற ஒருவருடைய சிவப்பு வண்டி. கண்ணாடி மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், விடிந்ததும் வண்டியைக் கழுவாமல் அவர் பல்லே விளக்க மாட்டார் என்றார்கள். அடியில் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். மதினி தண்ணீர் கேட்டார். வெள்ளிச் செம்பில் வந்தது. ஒரு வாய் குடித்தார். அப்புறம் மிச்சத்தையும் குடித்தார். செருப்பு மாட்டும்போது அந்தக் கேள்வியைக் கேட்டார். அந்தத் தம்பி, போங்கக்கா என்று சிரித்தார். நேராக மதினியின் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தார். மதினி என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். அவர் எதற்காவது சரி என்று தலையாட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தோம். டயாலிசிஸ் நாளில் மதினி முதல் பஸ்ஸைப் பிடித்துச் சிக்கலுக்கு வந்துவிடுவார். பின்சீட்டில் அத்தை தலை மதினி மடியில், முன்னால் நான். ஹாரன் அடி, மாடு வருது, அந்த லாரிக்காரன் முழிச்சிருக்கானான்னு பாரு என்று வழி முழுக்கப் பின்னாலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருக்கும். அத்தை வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். ஜன்னல் வழியாகக் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வருவார். ஏதோ ஊட்டிக்குப் போகிற மாதிரி பார்ப்பார்.

இரண்டு மாதம்கூட நன்றாக ஓடியிருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன். கீழே தடால் என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. முன்னும் பின்னும் கருவேலமரம்தான். வெயில். மதினி முந்தானையால் அத்தைக்கு விசிறிக்கொண்டிருந்தார். நான் ரோட்டில் நின்று கையை ஆட்டி ஆட்டி, மிளகாய் மூட்டை ஏற்றி வந்த ஒரு சின்ன லோடு வண்டியை நிறுத்தினேன். மூட்டைகளுக்கு நடுவில் அத்தையைப் படுக்க வைத்துத்தான் கொண்டு போனோம். அத்தை தும்மித் தும்மி அழுதார். ஆஸ்பத்திரியில் நேரமாகிவிட்டது என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடி மிஷினில் போட வைத்தோம்.

மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் திருப்புளியை வைத்து அழுத்தினார். அப்பளத்தில் குத்திய மாதிரி உள்ளே போய்விட்டது. கறுப்புப் பெயின்ட் மட்டும்தான் இருந்தது. அதற்கு மேல் இருந்தது இரும்பு இல்லை, துரு. கடற்கரை வண்டியா என்று கேட்டார். இல்லை, நயினார்கோவில் பக்கம் என்றேன். அப்படியானால் தினமும் போர்வெல் உப்புத் தண்ணியை அடித்துக் கழுவியிருக்கிறார்கள் என்றார்.

மதினி என்னோடு ஊருக்கு வரவில்லை. நேராக அந்தத் தம்பி வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன், சண்டை வந்துவிடப் போகிறதே என்று. மதினி சண்டை போடவில்லை. வாசலில் நின்று, கால் கழுவத் தண்ணீர் கேட்டார். வாளியில் கொண்டு வந்து வைத்தார்கள். அதைக் கையில் அள்ளி வாயில் விட்டார். அந்தத் தம்பி பதறிப்போய்விட்டார்.

"என்னக்கா, கால் கழுவக் குடுத்ததக் குடிக்கிறீக? வெறும் உப்புக்கா அது. குடிக்கத்தேன் கேன் தண்ணி வாங்கி வச்சிருக்கம்ல."

அதுதான் விஷயம். எங்கள் பக்கம் வந்தவர்களுக்கு யாராவது போர் தண்ணியைக் கொடுப்பார்களா? வீட்டில் இருப்பதிலேயே நல்ல தண்ணீரைத்தான் கொடுப்பார்கள். அது மதினி வீட்டிலும் வழக்கம், எங்கள் வீட்டிலும் வழக்கம். ஊரையே சந்தேகப்பட்ட மனுஷிக்கு உபசாரத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அந்தத் தம்பியும் ஏமாற்றியவர் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் ஆசை ஆசையாகக் கழுவியே அந்த வண்டியைக் கொன்றிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மதினி அன்றைக்கு ராத்திரிச் சோறு சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

தங்கச்சிமடத்துக்குப் போவோம் என்று சொன்னவரும் மதினிதான். அந்த வெள்ளை வண்டி விற்காமல் அப்படியே இருந்தது. மதினி மாதிரி நினைக்கிறவர்கள்தானே கரை முழுக்க இருக்கிறார்கள். அந்த அக்கா எங்களைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. எதற்குத் திரும்ப வந்திருக்கிறீர்கள், புரோக்கர் அனுப்பினாரா, வாங்கி யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். சந்தேகப்படுகிற முகம் எப்படி இருக்கும் என்று மதினி எதிரிலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். எங்கம்மாவுக்கு என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, வண்டி கழுவுற தண்ணி எது, காட்டுங்க என்றார். அந்த அக்கா கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார். தென்னைக்கு அடியில் மணலில் உறை இறக்கிய ஒரு சின்ன ஊற்று. வாளி விட்டு இறைத்துக் கொடுத்தார். மதினி கையில் ஏந்திக் குடித்தார். என்னையும் குடிக்கச் சொன்னார். இளநீர் மாதிரி இருந்தது. கடல் அங்கேயிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

"அன்னைக்கே குடிச்சுருக்கலாம்" என்றார் மதினி. அந்த அக்காவிடம் அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமலே செருப்பை மாட்டினார்.

அந்த வண்டியில் அத்தை மூன்று மழைக்காலம் போய் வந்தார். ஒரு நாள்கூட நடுவழியில் நிற்கவில்லை. அதற்காக மதினி அதை நம்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஏறும்போதெல்லாம் டயரைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

ஒரு திங்கட்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்துகொண்டிருந்தோம். மத்தியானம். பின்னால் உத்தரவு எதுவும் வரவில்லையே என்று கண்ணாடியில் பார்த்தேன். அத்தையின் தலை மதினி மடியில்தான் இருந்தது. கை மட்டும் சீட்டுக்கு வெளியே தொங்கி, வண்டியோடு ஆடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மதினி என்று கூப்பிட்டேன்.

"தூங்குது. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

நான் வண்டியைத் திருப்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். நல்லாப் பாருங்க என்றார் மதினி. டாக்டர் மறுபடி பார்த்தார். மதினி நர்ஸைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். போனோம். அங்கேயும் பார்த்தார்கள். எத்தனை பேர் சொன்னாலும் அவர் விரல் அத்தையின் மூக்குக்குக் கீழேயே இருந்தது. தண்ணீர் கரிக்கிறதா, பஸ் போகிறதா, பேசுவது யார் என்று வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்பட்டவர், அன்றைக்கு அந்த ஒன்றையாவது பொய்யாக்கிவிட முடியாதா என்று பார்த்தார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மதினி ஒரே மாதிரி சொன்னார்: ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் போச்சு, கட்டிலில் படுத்திருக்கும்போதே போச்சு. என் வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் என் பாழாய்ப்போன மனசு விடுமா? சாவு ஏறின வண்டி என்று தெரிந்தால் விலை போகாது, அதற்காகத்தான் இப்படிச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை.

வருஷம் திரும்பியதும் வண்டியை விற்க முடிவு செய்தோம். வீட்டுக்காரர் ஊருக்கு வருவதாக இல்லை. எனக்கும் அந்தப் பின்சீட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்ட முடியவில்லை. மதினி திருப்பூருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அது. முதுகுளத்தூர் பக்கமிருந்து ஒரு சின்ன வயசுத் தம்பதி பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் மாசமாக இருந்தாள். அவளை மாதாமாதம் செக்கப்புக்குக் கூட்டிப் போகத்தான் வண்டி. மதினி அவர்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் கொடுத்தார். கூடவே ஒரு வாளியில் வண்டி கழுவுகிற தண்ணீரையும் கொண்டு வந்து வைத்து, இதையும் வாயில் விட்டுப் பாருங்கள் என்றார். தங்கச்சிமடத்திலிருந்து வந்த பிறகு வீட்டுக்கு வருகிற நல்ல தண்ணீரை விட்டு வேறு எதிலும் அந்த வண்டியைக் கழுவ என்னை அவர் விட்டதில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் எதுக்கும்மா, உங்களைப் பார்த்தாலே தெரியுது என்றாள். விலை பேசி முடித்தோம். எல்லாருக்கும் திருப்தி. அவர்கள் வாசலில் செருப்பை மாட்டினார்கள்.

மதினி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்ணக் கேக்காம விட்டுட்டியே தாயி."

என்ன என்று அவள் பார்த்தாள். வேண்டாம் மதினி என்று கண்ணால் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இதுல யாரும் செத்துருக்காகளான்னு கேக்கணும். கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லிருப்பேன். அதுக்குத்தேன் இம்புட்டு நாளா எல்லாத்துக்கிட்டயும் ஒரே பேச்சாச் சொல்லி வச்சேன். நீ என்னய நம்பிட்ட." மதினி வண்டியின் பக்கம் திரும்பினார். "எங்கம்மா இதுலதேன் செத்துச்சு. என் மடியில. நான் தூங்குதுன்னு சொன்னேன்."

அவர்கள் அப்புறம் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். அப்படிப் போனவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று எங்களுக்கும் தெரியும். தெருமுனை திரும்பும்வரை அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மதினி வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அத்தை போன பிறகு அவர் அதில் ஏறவே இல்லை. டயரை உதைத்துப் பார்க்கவில்லை. வெறும் மடியில் கையை வைத்துக்கொண்டு, அத்தை செத்து ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். நான் முன்சீட்டில் போய் உட்கார்ந்து, கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்தேன்.